ரங்கூன் கூடை

மணி அடித்ததும் அடுப்பை விட்டுவிட்டு ஓடினேன். சன்னலைத் திறந்து கூடையைக் கயிற்றில் இறக்கினேன். தெருவில் போனவர்கள் நின்று அண்ணாந்து பார்த்தார்கள்.

"கத்தரிக்கா போட்டாச்சு, இழுங்க மைனி! இந்த வேகத்துல இழுத்தா ரங்கூன்ல காக்கா கொத்திட்டுப் போயிரும்" என்று கீழிருந்து கத்தினாள் மங்களேஸ்வரி. என் வீட்டுக்காரரின் தங்கை.

வண்டி ஓட்டிக்கொண்டு போன சுடலைக்கண்ணு மாட்டை நிறுத்தினார். "என்ன தாயி, மச்சுல கிணறு வெட்டியிருக்கியளா?"

ரங்கூன் இல்லை, தென்காசிதான். எங்கள் வீட்டு மச்சுச் சன்னல். தை பிறந்ததும் நான் கப்பல் ஏறவேண்டும், அதற்காகப் பழகிக்கொண்டிருந்தோம்.

ஆறு வருஷமாக என் வீட்டுக்காரர் ரங்கூனில் ஒரு மரக்கடையில் வேலை பார்த்தார். கடிதம் கடிதமாக எழுதி அந்த வீட்டை எனக்கு மனப்பாடம் ஆக்கிவிட்டார். மூன்றாம் மாடி, ஐம்பத்து நாலு படி. ரயில் பெட்டி மாதிரி நீளமான ஒரே அறை. முற்றம் கிடையாது. வானம் பார்க்க வேண்டுமானால் தெருப்பக்கம் இருக்கும் வராந்தாவுக்கு வரவேண்டும். அடுப்பு கடைசியில்.

"இங்கே எல்லா வீட்டிலும் வராந்தாவிலிருந்து ஒரு கயிறு தொங்கும். கீழே நின்று இழுத்தால் அடுப்படியில் மணி அடிக்கும், கூடை இறங்கி வரும். காய்கறியை அதில் போட்டுவிட்டுக் கையை வீசிக்கொண்டு மாடி ஏறுவேன். நீ வந்தால் உனக்கும் சௌகரியம்" என்று எழுதியிருந்தார். தனிக்கட்டையாகக் கிடக்கிறேன் என்று எல்லாக் கடிதத்தையும் போல அதையும் முடித்திருந்தார்.

நான் மச்சுத் தரையில் கரித்துண்டால் அந்த வீட்டை வரைந்தேன். கரியடுப்பை மேலே கொண்டுபோய் வைத்தேன். கயிற்றில் ஒரு மாட்டு மணி. கூடை, போன தடவை வந்திருந்தபோது குற்றாலத்தில் அவர் பழம் வாங்கி வந்தது.

ஒருநாள் மங்களேஸ்வரி கடையத்துக்குப் போயிருந்தாள். நானே கீழே இறங்கிப் போய்க் கயிற்றை இழுத்தேன். மேலே மணி அடித்தது. கூடை மேலேயே இருந்தது. கொஞ்ச நேரம் தெருவில் நின்றேன். பிறகு ஏறி வந்து உலை வைத்தேன்.

சண்டை தொடங்கிவிட்டது என்று ஊரில் சொன்னார்கள். ரங்கூனுக்கு ஒன்றும் வராது என்று அவர் எழுதினார். கத்தரிக்காயை மேலே இழுத்தேனே, அந்த மார்கழிச் செவ்வாய்க்கிழமை காலையில்தான் அங்கே முதல் குண்டு விழுந்தது. அதன் பிறகு கடிதம் இல்லை.

பங்குனி, சித்திரையில் ரங்கூன் போனவர்கள் ஒவ்வொருவராக நடந்து ஊர் வந்து சேர்ந்தார்கள். ஆடி அமாவாசைக்குள் சேதி வராவிட்டால் குற்றாலத்தில் வைத்துக் காரியம் பண்ணித் தாலியைக் கழற்றிவிடலாம் என்று வீட்டுப் பெரியவர்கள் பேசினார்கள்.

"எங்க அண்ணன் வருவான். அதுக்குள்ள எவனாவது மைனி கழுத்துல கை வச்சா நான் சும்மா இருக்க மாட்டேன்" என்று மங்களேஸ்வரி சண்டை போட்டாள்.

சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம் ஆதம் அண்ணாச்சி வந்தார். அவரும் தென்காசிக்காரர். ரங்கூனில் அதே தெருவில் சர்பத் கடை வைத்திருந்தவர். நடந்து புண்ணான காலில் இன்னும் துணி சுற்றியிருந்தது.

"எங்க அண்ணனை நீங்க பாத்தியளா?" என்று கேட்டாள் மங்களேஸ்வரி.

"பாத்தேன்மா. அன்னைக்குக் காலையில மார்க்கெட்டுக்குப் போயிட்டு வந்து வீட்டுக்குக் கீழ நின்னாரு. மேல ஏரோப்ளேன் சத்தம். நம்ம ஆளுகதான்னு தெருவே வேடிக்கை பாத்துட்டு நிக்கு. உங்க அண்ணன் கயித்தை இழுத்தாரு. கூடை பாதி தூரம் இறங்கிட்டு. அம்புட்டுதான் எனக்குத் தெரியும். கண்ணை முழிச்சுப் பாத்தா அவரு கெடக்காரு. மூச்சு இல்ல."

மங்களேஸ்வரி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"வீடு?" என்று கேட்டேன்.

"வராந்தா விழுந்துட்டு தங்கச்சி. படிக்கட்டு மட்டும் அப்படியே நிக்கு."

"ஐம்பத்து நாலு படி."

"ஆமா" என்றார். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"ஒரு வாய் தண்ணி குடுக்க ஆளில்லாம, ஒத்தையில கெடந்து போயிட்டியே அண்ணே!" என்று மங்களேஸ்வரி தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆதம் அண்ணாச்சி காலில் சுற்றிய துணியைச் சரிசெய்தார். "ஒத்தையிலதான் இருந்தாரு. எப்பவும் உங்க நினைப்புதான், தங்கச்சி" என்றார். சொல்லும்போது அவர் நிமிரவில்லை.

மங்களேஸ்வரி அழுதுகொண்டே பெரியவர்களைக் கூப்பிட உள்ளே ஓடினாள். நான் அவருக்கு ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். திறந்திருந்த வாசலில் மச்சுச் சன்னலின் கயிறு சாரலில் நனைந்து தொங்கியது. அதை நான் அவிழ்க்கவே இல்லை.

அவர் குடித்து முடிக்கும்வரை நின்றேன். உள்ளே கேட்காதபடி மெல்லக் கேட்டேன்.

"கூடையை இறக்குனவ பொழைச்சாளா, அண்ணாச்சி?"