விருது வாங்கிய வகுப்பு

அந்த ஜொகூர் பல்கலைக்கழகத்தில், மிகக் குறைந்த மின்சாரத்தில் பாடம் நடத்தியவருக்கான பசுமை விருது டாக்டர் தேவானந்தனுக்குக் கிடைத்தது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

“பெருமை என் ஸ்டூடன்ஸுக்குத்தான். நான் ஸ்லைடைப் பாத்துப் பேசிக்கிட்டே இருப்பேன். கால் மணி நேரத்துல யாரோ எழுந்து போய் விளக்கெல்லாம் அணைச்சிடுவாங்க. நான் சொன்னதேயில்ல,” என்று மேடையில் உருகினார்.

கேடயத்தோடு இறங்கியவரின் காதைக் கடித்தார், கட்டடப் பராமரிப்பாளர் காளிதாஸ்.

“டாக்டர், நீங்க பாடம் நடத்துற ஹால்ல சுவிட்சே கிடையாது.”

“அப்போ யாரு அணைக்கிறது?”

“சென்சார் லா. சீட்டுங்களுக்கு மேல மாட்டியிருக்கு. கீழ பத்து நிமிஷம் ஒரு தலைகூட அசையலன்னா, ஹால்ல ஆளே இல்லன்னு நினைச்சுக்கும்.”