சக்கரம் வைத்த சமையற்கட்டு

ஒரு வாரமாக எபினேசரின் வாயில், படுக்கையும் அடுப்பும் வைத்த கேம்பர்வேனைத் தவிர வேறு பேச்சே கிடையாது. மங்களூரிலிருந்து கொச்சி வரை குடும்பத்தோடு கடலோரமாகவே போக வேண்டுமாம். இன்று வண்டியின் படத்தையே வரைந்து, ஆளுக்கு ஓர் இடமாகப் பேர் எழுதி, மனைவி முன்னால் விரித்தான்.

“முன்சீட்டுல நான், மேப் பாத்துகினு வருவேன். பசங்க மேல் பெட்ல. அடுப்பாண்ட நீ.”

“டூர்லயும் அடுப்பாண்டயா?” என்றாள் ஏஞ்சலின்.

“பின்ன? வண்டி போய்க்கினே இருக்கும், நீ சுடச்சுட தோசை ஊத்திக் குடுத்துகினே இருப்ப. சும்மாதானே வரப்போற?”

“டிரைவர் வருவாரா?”

“வேத்து ஆளு எதுக்கு? செல்ஃப் டிரைவ்னு புக் பண்ணிட்டேன். உனுக்கு இதெல்லாம் இன்னா தெரியும்?”

ஏஞ்சலின் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டாள். ஆணியில் தொங்கிய கம்பெனி வேன் சாவியை எடுத்தாள். தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டைக்குப் போகிற ஷிப்ட் ஆட்கள் அவளுக்காக ரோட்டில் காத்திருப்பார்கள்.

“யோவ், உனுக்கு சைக்கிளே ஒழுங்கா ஓட்ட வராது. இந்த ஊட்ல லைசென்ஸ் இருக்கறது எனக்கு மட்டுந்தான். அடுப்பாண்ட உன் பேரை எழுது. எனக்கு ரெண்டு தோசை, முறுகலா.”