பிடிக்காத நான்கு புத்தகங்கள்

“முதல்லயே சொல்லிடறேன் சார். உங்க நாலு புத்தகமும் எனக்குப் பிடிக்கல.”

மூன்றாவது வரிசையில் எழுந்து நின்ற பெண்ணுக்குப் பதினாறு வயதிருக்கும். தோளில் பள்ளிக்கூடப் பை. நெஞ்சோடு அணைத்திருந்த நான்கு நாவல்களிலிருந்தும் மஞ்சள் துண்டுச் சீட்டுகள் நாக்கு நாக்காக நீட்டிக்கொண்டிருந்தன.

புத்தகக் கடையின் மாடியில் போட்டிருந்த முப்பது நாற்காலிகளிலும் சலசலப்பு. இளம் வயதினருக்கான நாவல்களில் பெயர் வாங்கியவர், தன் ஐந்தாவது புத்தகத்தின் வெளியீட்டுக்காக வந்திருந்த எழுத்தாளர், மைக்கைப் பிடித்தபடி அசடு வழியச் சிரித்தார்.

கடைக்காரம்மா அவர் காதருகே குனிந்தாள். “இணையத்துல விமர்சனம் எழுதற பொண்ணா இருக்கும் சார். பாத்துப் பேசுங்க.”

“ஏம்மா பிடிக்கல?” என்றார் அவர்.

“முதல் புத்தகத்துல ஒருத்தி சைக்கிள்லேர்ந்து விழறாளே, அவளுக்குத் தழும்பு இடது முழங்கால்லன்னு எழுதியிருக்கீங்க. வலது முழங்கால் சார்.”

அவருக்குத் தெம்பு வந்தது. “அவ என் கற்பனையில பொறந்த பொண்ணும்மா. எந்தக் காலுன்னு நான்தானே சொல்லணும்?”

கூட்டம் கைதட்டியது. அவள் முகம் மாறவில்லை. “சரி சார், உங்க இஷ்டம்,” என்று அடுத்த சீட்டைப் பிரித்தாள்.

“உங்க பசங்க எல்லாம் நாப்பது வயசு ஆளுங்க மாதிரி பேசறாங்க. பதினஞ்சு வயசுல யாராவது மழையைப் பாத்து வாழ்க்கையைப் பத்தி யோசிப்பாங்களா? குடையை எங்க தொலைச்சோம்னுதான் யோசிப்போம்.”

பின்வரிசை மாணவிகள் கொல்லென்று சிரித்தார்கள்.

“அப்புறம், கதாநாயகிக்கு எப்பப் பாத்தாலும் ஒரு தோழி. அவளுக்குன்னு வீடு, வாசல், கவலை ஒண்ணும் கிடையாது. இவ அழறப்ப தோள் குடுக்கறது மட்டும்தான் வேலை. லீவாவது குடுக்கறீங்களா சார் அவளுக்கு?”

மறுபடியும் சிரிப்பு. எழுத்தாளர் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார், குடிக்காமலே மூடினார். எத்தனையோ விமர்சகர்களை ஒரே வரியில் மடக்கியவர்தான். இந்தப் பெண்ணிடம் அந்த ஒரு வரி வரமாட்டேன் என்றது.

“கடைசியா ஒண்ணு. நாலு கதையும் ஒரே மாதிரி முடியுது. ஒண்ணுல தொலைஞ்சுபோன நாய், ஒண்ணுல கோவிச்சுக்கிட்டுப் போன தோழி, ஒண்ணுல அப்பா, ஒண்ணுல அண்ணன். போனவங்க எல்லாரும் கடைசி அத்தியாயத்துல டாண்ணு வாசல்ல வந்து நிக்கறாங்க. நாய்கூட வழி தெரிஞ்சு வந்துடுது.”

“படிக்கறவங்களுக்கு ஒரு நம்பிக்கை வேணும் இல்லையாம்மா?”

“நம்பிக்கைதான் சார் கஷ்டம். புத்தகத்தை மூடி வெச்சிட்டு நாங்க வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்போம். நீங்க பாட்டுக்கு அடுத்த புத்தகம் எழுதப் போயிடுவீங்க.”

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

“நீயா இருந்தா எப்படி முடிப்பே?” என்றார் அவர்.

“யாரும் வர மாட்டாங்க. ஒருநாள் அவ வாசலைப் பாக்கறதை நிறுத்திடுவா. மறுநாள் கணக்குப் பரீட்சை. போய்ப் படிப்பா.”

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். எழுத்தாளர் எதிரே அடுக்கியிருந்த ஐந்தாவது புத்தகத்தைப் பார்த்தார். அதிலும் கடைசி அத்தியாயத்தில் ஒருவர் திரும்பி வந்துகொண்டிருந்தார். அச்சாகிவிட்டது. இனி அவரைப் பாதி வழியில் திருப்பி அனுப்ப முடியாது.

“நேரமாச்சு. கையெழுத்து வேணும்கிறவங்க வரிசையா வாங்க,” என்று கடைக்காரம்மாதான் அவரைக் காப்பாற்றினாள்.

அவர் தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார். அந்தப் பெண் போயிருந்தால் தேவலை என்று ஒரு நிமிடம் தோன்றியது. அடுத்த நிமிடம், போயிருக்கக் கூடாதே என்றும் இருந்தது. அவளுக்கு ஒரு கேள்விக்காவது உருப்படியாகப் பதில் சொல்லியிருக்கலாம்.

வரிசை தீர்ந்தபோது, மஞ்சள் சீட்டுகள் நீட்டிய பழைய பிரதி ஒன்று மேசைக்கு வந்தது. முதல் புத்தகம். முனைகள் மழுங்கி, அட்டை கிழிந்து, ஒட்டுப் போட்டிருந்தது.

“பிடிக்காத புத்தகத்துல கையெழுத்து எதுக்கும்மா?”

“நாலையும் மூணு மூணு தடவை படிச்சிருக்கேன் சார்.”

“பிடிக்காமலேயா?”

“எங்கயாவது பிடிச்சிடாதான்னுதான்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மேடையில் வராத வார்த்தை இப்போது வந்தது. “நீ சொன்னதெல்லாம் சரிதான்மா. வேற மாதிரி முடிக்க எனக்குத் தெரியல. உக்காந்து பாத்திருக்கேன், முடியல.”

அவர் முதல் பக்கத்தைப் புரட்டிப் பேனாவை வைத்தார்.

“பேர் சொல்லும்மா, எழுதறேன்.”

இவ்வளவு நேரம் வெடுக் வெடுக்கென்று பேசியவள் மேசை விளிம்பை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க வெச்ச பேர்தான்ப்பா.”