முகத்துக்கு ஏற்ற லென்ஸ்

"இது என் பொண்ணு மாதிரியாம்மா இருக்கு? நீயே சொல்லு."

அன்பழகன் செல்போனை ஸ்டூடியோவில் ஜஸீலாவின் மேசைமேல் வைத்தார். போன மாதம் அவள் எடுத்துக் கொடுத்த படம். மூக்கு மட்டும் முன்னால் வந்து, காது ரெண்டும் பின்னால் ஓடியிருந்தன. நெற்றி எண்ணெய் வழிந்து பளபளத்தது.

"இதைப் பாத்துட்டுத்தான் ரெண்டு இடம் தட்டிப்போச்சு. காரைக்கால்ல பொம்பள படம் எடுக்குற கடைன்னு இங்க வர்றேன். போதாக்குறைக்கு இவ வேற, வந்தா ஜஸீலா அக்கா கடைக்குத்தான் வருவேங்கிறா."

மகள் வினோதா கதவோரம் நின்றிருந்தாள். தலை நிமிரவில்லை.

"இப்ப வந்திருக்கிற மாப்பிள்ளைக்கு பிரெஞ்சு நேஷனாலிட்டி. பாரிஸ்ல வேலை. வயசு நாப்பதுக்கு மேல, மூத்த தாரம் விட்டுட்டுப் போயிட்டா. அது கெடக்கட்டும். இவ தம்பியையும் அங்க கூப்புட்டுக்கிறேன்னு சொல்றான். பெரியவனைத்தான் கடல் எடுத்துக்கிச்சு. சின்னவனாவது கரையில பொழைக்கட்டும்."

"உக்காரு வினோதா" என்றாள் ஜஸீலா.

கேமராவில் அகல லென்ஸை மாட்டினாள். முகத்துக்கு ஒரு முழம் தள்ளி, அவ்வளவு கிட்டத்தில் போய் நின்றாள். ஃபிளாஷ் நேராகக் கண்ணில் வெட்டியது.

பார்த்துக்கொண்டிருந்த பாரதிப்ரியாவுக்குப் பொறுக்கவில்லை. புதுச்சேரியில் பல்கலைக்கழகப் படிப்பு. லீவுக்கு ஊருக்கு வந்தவள், போன வாரம்தான் ஸ்டூடியோவில் உதவிக்குச் சேர்ந்திருந்தாள்.

"அக்கா, இது போர்ட்ரெய்ட் எடுக்குற லென்ஸே இல்ல."

"எனக்குத் தெரியும். நீ அந்த ஃபிரேமைத் துடை."

"தெரிஞ்சா ஏன் மாட்டுனீங்க? நேத்து டாக்டர் வீட்டுப் பொண்ணுக்கு எண்பத்தஞ்சு எம்.எம். லென்ஸ் போட்டீங்க. தள்ளி நின்னு எடுத்தீங்க. ஃபிளாஷை மேல திருப்பி, சீலிங்ல பட்டு வெளிச்சம் எறங்குற மாதிரி வச்சீங்க. இவளுக்கு மட்டும் ஏன் மூஞ்சியில அடிக்கிறீங்க?"

"ப்ரியா, கொஞ்சம் உள்ள வா."

"எதுக்கு உள்ள? இங்கயே சொல்லுங்க. மீன் புடிக்கிறவர் வீட்டுப் பொண்ணு, கறுப்பா இருக்கா, இவளுக்கு இது போதும். அப்படித்தானே?"

ஜஸீலாவின் முகம் சுண்டிப்போயிற்று. அன்பழகன் மெதுவாக அவள் பக்கம் திரும்பினார்.

"அப்படியாம்மா?"

"அல்லாஹ் அறிய அப்படி இல்லண்ணே. அந்த லென்ஸ் ரிப்பேரு..."

ப்ரியா அலமாரியைத் திறந்தாள். அந்த எண்பத்தஞ்சு லென்ஸை எடுத்து மாட்டினாள். சுவரைப் பார்த்து ஒரு படம் தட்டினாள்.

"நல்லாத்தான் இருக்கு. பொய் வேறயா அக்கா?"

அன்பழகன் ப்ரியாவிடம் சொன்னார்.

"நீ எடும்மா."

ப்ரியா ஸ்டூலைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டாள். ஃபிளாஷை மேலே திருப்பினாள். பின்னால் போய் நின்றாள். வினோதா வாயைக் கோணி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கூச்சப்படாத. உன் கலரைப் பத்தி எவன் பேசுனாலும் கண்டுக்காத. என்ன படிக்கிற?"

"நர்சிங். மூணாவது வருஷம்."

"அங்க உனக்கு எது புடிக்கும்?"

"பிரசவ வார்டு" என்றாள். "போன வாரம் ஒரு குழந்தை பொறந்ததும் அழவே இல்ல. எங்க மேடம் என் கையிலதான் குடுத்தாங்க. முதுகைத் தேய்ச்சு விட்டுக்கிட்டே இருந்தேன். எல்லாரும் போச்சுன்னு நெனச்சாங்க. டக்குனு கத்திடுச்சு..."

அந்த இடத்தில் ப்ரியா தட்டினாள்.

படத்தில் கறுப்பு கறுப்பாகவே இருந்தது. அதில் கண் ரெண்டும் விளக்கு ஏற்றி வைத்த மாதிரி எரிந்தன. ப்ரியா செல்போனில் ஏற்றிக் கொடுத்த படத்தை அன்பழகன் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

"அவங்கம்மா மாதிரியே இருக்கா."

அங்கேயே நின்று மாப்பிள்ளைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். எதிர்க்கடையில் டீ குடிக்கப் போனார். டீ ஆறுவதற்குள் போன் வந்துவிட்டது. பஸ் இரைச்சலில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசிவிட்டு உள்ளே வந்தார்.

"புடிச்சிருக்காம். தையிலயே வச்சுக்கலாங்கிறான். இந்தப் படிப்பெல்லாம் அங்க செல்லாதாம், இன்னையோட நிறுத்திடச் சொல்லிட்டான்."

ப்ரியாவைப் பார்த்துக் கை கூப்பினார்.

"நீ நல்லா இருக்கணும்மா. இத்தனை நாளா என் பொண்ணைக் கண்ணால பாத்த ஒரே ஆளு நீதான்."

வண்டியை எடுக்க வெளியே போனார். வினோதா ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை.

"அதெப்படி படிப்பை நிறுத்தச் சொல்லுவான்?" ப்ரியாவுக்கு மறுபடி ஏறிக்கொண்டது. "கடைசி வருஷத்துக்குப் பக்கத்துல வந்துட்டு... நீயும் பேசாம உக்காந்திருக்க. முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே? வாய் இல்லையா உனக்கு?"

ஜஸீலா வந்து வினோதாவின் தோளில் கை வைத்தாள். வினோதா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு ப்ரியாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"கல்யாணமே வேணாம்னு போன மாசமே சொன்னேன். வீட்ல அடிச்சாங்க. அதுக்கப்புறம்தான் அக்காகிட்ட வந்து, என்னை அசிங்கமா எடுத்துக் குடுங்கன்னு கேட்டேன்."