எல்லையில்லாத வாளி

ஒரு கம்ப்யூட்டருக்குள் மூன்று வாளிகள் வரிசையாக இருந்தன. வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்ல ஆன நேரம், சொட்டாக அவற்றில் விழும். ஒரு நொடிக்குள் என்றால் முதல் வாளி. ஐந்து நொடிக்குள் என்றால் நடு வாளி. அதைத் தாண்டினால் எல்லாமே கடைசி வாளிக்கு. தனக்கு எல்லையே இல்லை என்ற திமிர் அதற்கு நிறையவே இருந்தது.

"அக்கா, உனக்கு அடுத்து அரை நிமிஷத்துக்கு ஒண்ணு, ஒரு நிமிஷத்துக்கு ஒண்ணுன்னு இன்னும் ரெண்டு வாளி வைக்கலாமான்னு நம்மள வெச்சவர் கேக்குறாரு" என்றது நடு வாளி.

"எதுக்குடி? எல்லை உங்களுக்குத்தான். நான் எவ்வளவு வந்தாலும் வாங்கிப்பேன். வேண்டாம்னு சொல்லு."

அவரும் விட்டுவிட்டார்.

ஒரு நாள் ஒரு சொட்டு தளர்ந்துபோய் வந்து விழுந்தது. "ஒரு நிமிஷம் நின்னேன் அக்கா. எனக்கு முன்னாடி வந்தவன் அதுல பாதிதான் நின்னான். மெஷினுக்கு மூச்சு வாங்குது. சீக்கிரம் வெளிய சொல்லு!"

கடைசி வாளி பதறிப்போய்க் கத்தியது. "ஐந்துக்கு மேல்!" என்றுதான் வந்தது. திரும்பவும் கத்தியது. அதேதான் வந்தது. அதற்குத் தெரிந்ததே அவ்வளவுதான்.

"ஆறு, ஏழு நொடி ஆகியிருக்கும்" என்று நினைத்து, வாளிகளை வைத்தவர் டீ குடிக்கப் போனார்.

அவர் திரும்புவதற்குள் மெஷின் நின்றுவிட்டது.

"ஏன் அக்கா எதுவும் விழல?" என்றது நடு வாளி.

கடைசி வாளி தன் பக்கத்தில் காலியாகக் கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ரெண்டு என்னடி, இங்க நாலு வாளிகூட வெச்சிருக்கலாம்" என்றது.