நாலு மூட்டைச் சருகு

அவள் தீக்குச்சியைக் கிழிக்கப்போன நேரம் பார்த்து, காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் கேட்டைத் தட்டினார்.

“சருகை எரிக்கப் போறீங்களாம்மா? வெட்டவெளியில தீ வைக்கக் கூடாதுன்னு தெருமுனையில போர்டு வச்சிருக்கே, பாக்கலையா?”

அவள் தீப்பெட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். உள்ளேயிருந்து கணவர் ஓடிவந்து குழைந்தார்.

“தெரியாம செஞ்சுட்டோம் சார். அபராதம் மட்டும் வேண்டாம்.”

“அடிக்கிற காத்துல ஒரு பொறி பறந்தா தெருவே போயிடும் சார்!” வந்தவர் ஒரு கைப்பிடி சருகை அள்ளி நசுக்கிப் பார்த்தார். “இதை இங்க விட்டா, நான் அந்தப் பக்கம் போனதும் பத்த வச்சிடுவீங்க. மூட்டை கட்டுங்க, நான் எடுத்துட்டுப் போறேன்.”

தப்பித்தோம் பிழைத்தோம் என்று கணவரே நாலு மூட்டை கட்டி, தோளில் சுமந்துபோய் வேனில் ஏற்றினார். அவள் ஜூஸ் கொடுத்து வழியனுப்பினாள்.

“தங்கமான ஆபீசர்டி!” என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார் கணவர்.

சில மாதம் கழித்து, ரோஜாத் தொட்டிகளுக்கு உரம் வாங்க இருவரும் நர்சரிக்குப் போனார்கள். கல்லாவில் அதே காக்கிச் சட்டை.

“சார்... நீங்க ஆபீசர் இல்லையா?” அவளுக்கு வாய் குழறியது.

“நான் எப்பம்மா அப்படிச் சொன்னேன்?” அவர் முகமெல்லாம் சிரிப்பு. “உங்க வீட்டுச் சருகு அருமையா மக்கியிருக்கு. ரெண்டு மூட்டை போடட்டுமா?”

கணவர் வாயைத் திறப்பதற்குள் அவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

“மூட்டை தூக்க ஆள் வேண்டாம்ப்பா. சாரே நல்லாத் தூக்குவார்!”