துணைக்கு வந்த தையல்காரி

“ஹெர்னியான்னு சொல்லித்தான் லீவு போட்டிருக்கேன். யாராவது வந்து கேட்டா நீங்களும் அதையே சொல்லிடுங்கக்கா,” என்றாள் டீச்சர். ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாலும் கண் வார்டு கதவிலேயே இருந்தது.

“நல்ல பொய்தான். அதுவும் வயித்து ஆபரேஷன்தான், இடம்கூட மாறலை,” என்று சிரித்தாள் எதிர் நாற்காலியில் இருந்த தையல்காரி.

டீச்சர் பதினெட்டு வருஷமாகப் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறவள். கரும்பலகையில் கர்ப்பப்பையை வரைந்து பாகம் குறிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஆனால் தன்னுடையதை எடுக்கப்போகிறார்கள் என்று தலைமையாசிரியரிடம் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

தையல்காரியை அனுப்பியது ஒரு பெண்கள் சங்கம். கர்ப்பப்பை எடுக்கப்போகிறவளுக்கு, ஏற்கெனவே எடுத்துக்கொண்ட ஒருத்தி துணை வருவாள். ஆபரேஷனுக்கு முதல் நாள் ஒரு தடவை, மறுநாள் ஒரு தடவை. ஆபரேஷன் ஆகாதவர்கள் துணைக்கு வரவே கூடாது என்பதில் சங்கம் ரொம்பக் கறார்.

“மூணு வருஷமா மாசத்துல பாதி நாள் ரத்தம் போகுதுக்கா,” டீச்சரின் குரல் தணிந்தது. “போன மாசம் வகுப்புல எழுந்து நின்னேன். முன் பெஞ்சுப் பிள்ளைங்க அத்தனையும் தலையைக் குனிஞ்சுக்கிச்சு. திரும்பிப் பார்த்தா நாற்காலி... மணி அடிச்சு எல்லாரும் போனப்புறம் நானே கழுவினேன். மானமே போச்சுக்கா.”

சொல்லிவிட்டு அழுதாள். தையல்காரி அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“நாற்காலி கழுவாத ஆளு நம்மள்ல யாரு டீச்சர்? எத்தனை நாள் கஸ்டமர் கிளம்பற வரைக்கும் எழுந்திரிக்காம, தைக்கிற மாதிரியே மிஷினை மிதிச்சுக்கிட்டு இருந்திருக்கேன் தெரியுமா? தையல்காரி ரொம்ப சுறுசுறுப்புன்னு பேரு வேற!”

டீச்சருக்கு அழுகைக்கு நடுவிலும் சிரிப்பு வந்துவிட்டது. தையல்காரி கைப்பையை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போய்வந்தாள். இந்த ஒரு மணி நேரத்தில் இது மூன்றாவது தடவை. பாவம், சர்க்கரை இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டாள் டீச்சர்.

“நாளைக்கு என்ன பண்ணுவாங்கக்கா?”

“எனக்கும் இதே ஆஸ்பத்திரிதான், சொல்றேன் கேளுங்க. காலையில ஒரு பச்சைக் கவுன் குடுப்பாங்க. நாடா முதுகுப் பக்கம் இருக்கும், எட்டாது, நர்ஸைக் கூப்பிட்டுக் கட்டிக்கங்க. தள்ளுவண்டியில படுத்ததும் மேல இருக்கிற ட்யூப்லைட்டை எண்ணுங்க. மொத்தம் பதினொண்ணு. அது முடிஞ்சதும் தியேட்டர் கதவு. அங்க வண்டி ஒரு நிமிஷம் நிக்கும். அப்படியே இறங்கி ஓடிடலாமான்னு தோணும் பாருங்க, அப்ப மட்டும் கண்ணை மூடிக்கங்க. ஓடிடாதீங்க டீச்சர்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, கண்ணு முழிச்சா வார்டு. இருமல் வந்தா தலையணையை வயித்துல அழுத்திக்கணும். ஆறு வாரத்துக்குக் கனமா எதையும் தூக்கக்கூடாது. சங்கத்துப் புத்தகத்துல எல்லாம் போட்டிருக்கு, படிங்க.”

மறுநாள் காலை சொன்னது சொன்னபடி நடந்தது. ட்யூப்லைட்டு பதினொன்றேதான். கதவருகே வண்டி நின்றதும் டீச்சர் தலையைத் தூக்கினாள். நான் வீட்டுக்கே போய்விடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தவள், தையல்காரியை நினைத்துக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டாள். வண்டி உள்ளே போனது.

அதற்கு மறுநாள் தையல்காரி வந்து டீச்சரைத் தாங்கி எழுப்பினாள். ஜன்னல் வரைக்கும் எட்டு அடி. போய்த் திரும்பி வந்து உட்கார்ந்த டீச்சருக்குப் பரீட்சை பாஸானதுபோல ஒரே குஷி.

“அக்கா, காலையில ஹெச்.எம். போன் பண்ணார். ஹெர்னியா எப்படி இருக்குன்னார். ஹெர்னியா இல்ல சார், கர்ப்பப்பையை எடுத்துட்டாங்கன்னு சொல்லிட்டேன்! அந்த மனுஷன் வெக்கப்பட்டுக்கிட்டு போனை வச்சுட்டார்.”

“சொல்லிட்டீங்களா?” தையல்காரியின் முகம் என்னவோபோல ஆனது.

“எல்லாம் நீங்க குடுத்த தைரியம்தான். ஆனா ஒண்ணு மட்டும் நீங்க சொல்லவே இல்லையே! வயித்தைவிட இந்தத் தோள்பட்டைதான் பிச்சு எடுக்குது. வயித்துல காத்தடைச்சு ஆபரேஷன் பண்றாங்கல்ல, அதனால நிறைய பேருக்கு இந்த வலி வருமாம். உங்களுக்கு எத்தனை நாள் இருந்துச்சு?”

தையல்காரி தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணீர் சொட்டுச் சொட்டாக மடியில் விழுந்தது.

“ஐயோ, என்னக்கா ஆச்சு?”

“ஒம்பது பேருக்குத் துணைக்குப் போயிருக்கேன் டீச்சர். ஒவ்வொரு தடவையும் வீட்டுக்குப் போய் அழுவேன். அன்னைக்கு என் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதான்னு சங்கத்துல கேட்டாங்க. வெக்கத்துல ஆமான்னு சொல்லித் தொலைச்சேன். அந்த ஒரு பொய்தான் என்னை இங்க வரைக்கும் இழுத்துட்டு வந்துடுச்சு.”

“பொய்யா? எனக்கு ஒண்ணும் புரியலையேக்கா!”

தையல்காரி முகத்தைத் துடைத்துக்கொண்டு, முதல் தடவையாக டீச்சரை நேருக்கு நேர் பார்த்தாள்.

“அந்தக் கதவுகிட்ட இறங்கி ஓடினவ நான்தான். அடுத்த மாசம் எனக்குத் துணைக்கு வர்றீங்களா டீச்சர்?”